மலைபடுகடாமும் செங்கத்து வழிக்கற்களும்

யாம் நாள்தோறும் செல்லும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் நெடுஞ்சாலையில், ஊர்ப்பெயர் தாங்கிய பலகைகளினும் தொழிற்சாலைப் பெயர் தாங்கிய பலகைகளே முதற்கண் கண்ணிற் படுகின்றன. 1990-களின் பிற்பகுதி தொட்டு இப்பகுதியில் தொழிற்சாலைகள் பெருகின, சாலைகளும் அகன்றன. சாலை அகலுந்தோறும் அதன் ஓரத்துக் கற்கள் இடம்பெயர்தல் இயல்பு. ஒரு பழங்கல்லைப் பெயர்த்து வேறிடத்தே வைத்துக் காத்தால் போதுமா, அன்றி அது நின்ற இடத்தையும் காத்தல் வேண்டுமா? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்த யாம், மலைநாட்டு வழியொன்றைப் பாடிய பழம்பாட்டினையும் அந்நாட்டிலேயே கிடைத்த நடுகற்களையும் ஒருங்கு வைத்து நோக்கலாயினோம்.

அப்பாட்டு மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் இது, பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன்சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மா என்பது இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள செங்கம். பரிசில் பெற்று மீளும் கூத்தன் எதிர்வரும் கூத்தர்க்கு வழி கூறுமிடத்து, ஏறத்தாழப் பத்தடிகளுக்குள் மூவகை அடையாளங்கள் அடுத்தடுத்து வருகின்றன. புறங்கொடாது பட்ட மறவர்தம் பெயர் எழுதி நட்ட கற்கள் கவர்த்த வழிகளில் பலவாக உள்ளன. யாழிசைத்து அவற்றை வணங்கிக் கடந்து செல்க என்கின்றான். வழி அறியாப் புதியோர் பின்வருதல் கூடும். ஆதலின் புல்லை முடிந்திட்டுச் செல்க என்கின்றான். அதன்பின், செல்லும் நாட்டின் பெயரைப் பிறர் அறியுமாறு எழுத்துப் பொறித்த, மராமரம் நின்ற, கடவுள் உறையும் கவலையைக் காட்டுகின்றான். எழுதியது கல்லிலா, மரத்தின் அரையிலா என ஐயுறுவார்க்கும் அத்தொடர் இடந்தரும். கொத்துதல் வினை கல்லுக்கே இயல்பாதலின், கல்லில் எனக் கோடலே பொருத்தமுடைத்து.

நடுகல்லைப் பேசுவார் பெரும்பாலும் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் காட்சி முதலிய துறைகளோடும் வழிபாட்டோடும் அமைவர். அது பிழையன்று, ஆயினும் குறையுடைத்து. மேற்காட்டிய பகுதியில் நடுகல்லும் ஊர்ப்பெயர்க் கல்லும் கவலையிலேயே நிற்கின்றன. வழிச்செல்வோன் நின்று எண்ணியே தீரவேண்டிய இடம் கவலை. அவன் நிற்கும் அவ்விடத்தே இறந்தோன் பெயரை எழுதி வைத்தவர், அதனைப் படிப்பார் யாவர் என்பதையும் எண்ணியே வைத்தனர். ஏரிக்கரையிலும் ஊரெல்லையிலும் நிற்கும் நடுகற்களும் பல உள; எனவே இதனை நடுகல் அனைத்திற்கும் விதியாக்கல் ஆகாது.

செங்க வட்டாரத்து வட்டெழுத்து நடுகற்கள், 1961-இல் தோன்றிய தமிழகத் தொல்லியல் துறையால் தொகுக்கப்பெற்று 1972-இல் நூலாயின. அவற்றுள் எடுத்தனூர்க் கல் தலையாயது. மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டில், கருந்தேவக்கத்தி என்பான் எருமைகளைக் காக்கப் பொருது பட்டான். கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரன் உருவோடு நாயின் உருவும் பெயரும் அக்கல்லில் இடம்பெற்றுள்ளன. ஒரு வேந்தன் ஆட்சியாண்டு நாயொன்றின் பெயரோடு ஒரே கல்லில் அமைந்தமை எம்மைப் பலகால் வியப்பித்தது.

அம்மகேந்திரவர்மன் புள்ளலூரிற் பகைவரை வென்றான் எனக் காசக்குடிச் செப்பேடு புகலும். புள்ளலூர் காஞ்சிக்கு அணித்தே, எம் பகுதிக்கும் தொலைவின்றி உள்ளது. அவ்வெற்றியை அறிவிப்பது வடமொழிப் பாவமைந்த செப்பேடு. வழிச்செல்வோன் அதனைக் காணான். அவ்வூரில் இன்று காணத்தக்கவை, 1781 ஆகஸ்டு 27-ஆம் நாள் ஐதர் அலியோடு நிகழ்ந்த போரில் இறந்த ஆங்கிலப் படைத்தலைவர் இருவர்க்கு எடுத்த நெடுந்தூண்கள். உடன் பட்ட சிப்பாய்கள் பெயர் அவற்றில் இல்லை. எருமை காத்தவனுக்கும் அவன் நாய்க்கும் எடுத்தனூரார் செய்த சிறப்பினை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

ஊர்ப்பெயர்க் கல்லின் வழிவந்தன எனத்தக்கவை தருமபுரிப் பகுதியிற் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள். கி.பி. பதின்மூன்றாம் நூற்றாண்டினவாகிய இவை நாவற்தாவளத்திற்கு உள்ள தொலைவைக் காதக் கணக்கில் எழுத்தாலும் எண்ணாலும் குறிப்பதோடு, பத்துக்குப் பெருங்குழியும் ஒன்றுக்குச் சிறுகுழியுமாகக் குடைந்தும் காட்டுகின்றன. எழுத்தறியா வணிகப் பொதிமாக்களும் இருளில் விரலால் தடவி எண்ணியிருத்தல் கூடும். இக்கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தால், எழுத்து அழியாது. ஆனால் அது கூறும் காதக்கணக்கு அக்கணமே பொய்யாகிவிடும். நடுகல்லுக்கும் இஃதொக்கும். அது பொய்யாவதில்லை எனினும், எவ்வழியோரத்து நின்றது, யாரை நோக்கி நின்றது என்பவற்றை இழந்து வெறுங்கல்லாய் நிற்கும்.

பெயர்த்தல் தவிர்க்கவொண்ணாத இடங்கள் உள. கல்லுடைப்பார் கைப்படுவதினும் அருங்காட்சியகம் நன்றே. அங்ஙனம் பெயர்க்குமுன், கல் நின்ற இடமும் அதன் முகம் நோக்கிய திசையும் அருகோடிய பழைய வழியின் போக்கும் வரைபடத்திற் குறிக்கப்படல் வேண்டும். கல்வெட்டைப் படியெடுப்பதில் நாம் காட்டும் கருத்து இதன்கண் காட்டப்படுவதில்லை. திருப்பெரும்புதூர், ஒரகடம், புள்ளலூர்ச் சூழல்களில் எம் முதுகலை மாணாக்கர் ஏரிக்கரைக் கற்களையும் சுமைதாங்கிகளையும் பழைய மைல் கற்களையும் இம்முறையிற் குறித்தலைத் தொடங்கலாம். அடுத்த சாலைப்பணிக்கு அளவுக்கல் நடுமுன்னர் அது நிகழ்தல் வேண்டும்.