உப்புக் கிணற்றுப் புகையிலை

1887இல் இரண்டு ஆக்கங்கள் அச்சேறின. ஒன்று, எஃப். ஏ. நிக்கல்சன் எழுதிய கோயமுத்தூர் மாவட்டக் கையேடு. மண், கிணறு, பயிர், வரி என்று கொங்கு நாட்டை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்த நூல். மற்றது, ஆர்தர் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை முதன்முதலில் நடமாடவிட்ட கதை. அதில் கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலையாளி புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்கிறார் ஹோம்ஸ். கறுத்து, ஏடு ஏடாக உதிரும் சாம்பல் அவருக்கு அடையாளமாகிறது. நம் ஊர்ச் சுருட்டு லண்டனில் அவ்வளவு பழகிய சரக்காக இருந்தது என்று இதைக் காட்டிப் பெருமைப்படுவது வழக்கம். பெருமை சரிதான், ‘சுருட்டு’ என்ற சொல்லையே ‘செரூட்’ ஆக்கி ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. ஆனால் சுருட்டு ரசிகரின் அளவுகோலில் கறுத்த சாம்பல் பாராட்டு அல்ல, குறை. ஒரு பொருளின் தரத்தை எந்த அளவுகோலால் அளக்கிறோம், அந்தக் கோலைச் செய்தவர் யார் என்ற கேள்வி அந்தச் சாம்பலிலேயே தொடங்குகிறது. அதற்கு விடை தேட, சுருட்டுக்குப் பேர்போன திருச்சியையும் திண்டுக்கல்லையும் விட, சுருட்டுக்குப் பேரே இல்லாத கோவைச் சீமைதான் நல்ல இடம் என்பது என் கட்சி.

முதலில் சுருட்டு ரசிகரின் கோலைப் பார்த்துவிடலாம். உயர்ந்த ரகச் சுருட்டில் மூன்று அடுக்கு இலை: உள்ளே நீளவாக்கில் அடுக்கியது, அதை இறுக்கிக் கட்டியது, வெளியே போர்த்தியது. கட்டுமானத்தை விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் கட்டி, ஓரிடத்தில் பொத்தல் என்று இருந்தால் புகை சீராக வராது. மேலிலையில் தடித்த நரம்பு கூடாது. பற்றவைத்தபின் நெருப்பு ஒரு பக்கமாக ஓடாமல் வட்டமாக இறங்க வேண்டும். நடுவில் அணையக் கூடாது. சாம்பல் வெளுத்து, சட்டென்று உதிராமல் நிற்க வேண்டும். இவற்றில் பாதி சுருட்டுபவர் கைத்திறன். மீதிப் பாதி, குறிப்பாக நெருப்பும் சாம்பலும், இலைக்குள் இருக்கும் உப்புகளின் வேலை. பொட்டாசியம் மிகுந்த இலை நன்றாகக் கனிந்து எரியும். குளோரைடு ஏறிய இலை ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, கறுத்துப் புகைந்து அணையும். இலையில் குளோரைடு சுமார் 2 விழுக்காட்டைத் தாண்டினாலே எரிதல் கெடும் என்பது புகையிலை ஆராய்ச்சியில் பழைய பாடம். எனவே சுருட்டு இலைக்கு நல்ல தண்ணீர் வேண்டும்.

கொங்கு நாட்டில் கதை நேர்மாறு. பல்லடம், தாராபுரம் பக்கத்து மேட்டு நிலங்களில் ஆழக் கிணறு தோண்டினால் பல இடங்களில் கிடைப்பது உப்புத் தண்ணீர். நெல்லுக்கும் வாழைக்கும் ஆகாத அந்தத் தண்ணீரைக் குடித்தே புகையிலை வளர்ந்தது. நுனி கிள்ளி, பக்கச் சிம்பு ஒடித்துவிட்டால் இலை தடித்துக் காரம் ஏறும். அறுத்து, வெயிலில் வாட்டி, அம்பாரம் போட்டுப் புழுங்கவைத்து, பனைவெல்லக் கரைசல் தெளித்துப் பாடம் செய்து சிப்பமாகக் கட்டுவார்கள். இது வாயில் போட்டு வெற்றிலையோடு மெல்லும் இலை; எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? மெல்லுகிறவர் பார்ப்பது வேறு: காரம், கனம், வளைத்தால் ஒடியாத பதம், பாடத்தின் மணம், இலைமேல் பூத்த வெள்ளை உப்பு. பாடம் செய்த இலையில் வெண்மையாகப் படியும் அந்த உப்புப் பூப்பு, நல்ல சரக்கின் அடையாளம். சுருட்டு ரசிகர்களிடமும் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. நெடுநாள் பெட்டியில் கிடந்த ஹவானாச் சுருட்டில் படியும் வெண்பொடியை முதிர்ச்சியின் மெருகு என்று கொண்டாடுவார்கள். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் அது பூஞ்சணம். இந்த ஒரு விஷயத்தில் பல்லடத்துச் சிப்ப வியாபாரியின் கண்தான் கூர்மை என்று சொல்லத் தோன்றுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உப்புக் கிணறு தவிர வேறு கதியில்லாத குடியானவர், விளைந்ததையே நல்ல இலை என்று பிறகு சொல்லிக்கொண்டார். இது ரசனை அல்ல, தேற்றிக்கொள்ளுதல் என்பது அது. விற்பவர் சொல் மட்டுமே சான்று என்றால் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாங்கியவர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியே மலபாருக்குப் போன கோவைப் புகையிலைக்கு அங்கே இருந்த பசி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கண்ணில் பட்டது. கம்பெனி புகையிலை வாணிபத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1853 வரை அது நீடித்தது. விளைவித்தவருக்குக் குறைந்த விலை, மென்றவருக்குக் கொள்ளை விலை, இடையில் கணவாய் நெடுகக் கள்ளக் கடத்தல். கிடைத்ததை மெல்லுவோம் என்று இருப்பவர்களிடம் இப்படி வரி பிடுங்க முடியாது; இந்த இலையே வேண்டும் என்பவரிடம்தான் முடியும். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துக் கிணற்றடிப் புகையிலைக்கும் திருவிதாங்கூரில் இதே மோகம் இருந்தது. அந்த அரசும் புகையிலையைத் தன் ஏகபோகமாகவே வைத்திருந்தது. கலப்படமில்லாத சான்று கஜானாக் கணக்குதான்.

வெள்ளையர் அரசோ ‘புகையிலையைத் திருத்த’ முற்பட்டபோது ஹவானா, வர்ஜீனியா விதைகளைத் தருவித்தது. திருத்தம் என்ற சொல்லுக்குள்ளேயே எரியும் இலைதான் இலை என்ற முடிவு ஒளிந்திருந்தது. திண்டுக்கல் அந்தக் கோலுக்கு ஓரளவு வளைந்துகொடுத்தது. ஸ்பென்சர் கம்பெனி அங்கே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. லண்டன் பியூலி கடை விற்ற திண்டுக்கல் சுருட்டின் பெயரைப் பாருங்கள்: ‘ஃப்ளோர் டி திண்டுக்கல்’. ஸ்பானிய மொழியில் ‘திண்டுக்கல் பூ’. தமிழ்ச் சொல்லை இரவல் வாங்கிய நாட்டில் தமிழ்ச் சுருட்டு விலைபோக, கியூபாவின் மொழியில் பெயர் வைக்க வேண்டியிருந்தது. சர்ச்சில் திருச்சிச் சுருட்டை விரும்பினார் என்று நாம் இன்றும் சொல்லிவருவதும் ஏறக்குறைய அதே பழக்கம். 1895இல் கியூபாவுக்கே போய்வந்த அந்த மனிதரின் வாயில் இருந்தது பெரும்பாலும் ஹவானாதான்.

அப்படியானால் தரம் என்று ஒன்று இல்லை, அவரவர் வாய்க்கு அவரவர் ருசி என்று ஆகிவிடாதா? ஆகாது. புழுங்கவைத்ததில் சூடு மிஞ்சி அழுகிய இலையை மெல்லுகிறவரும் எறிவார், புகைக்கிறவரும் எறிவார். பழுது இரண்டுக்கும் பொது. மேன்மைதான் பயனைப் பொறுத்தது. கோவைப் பீளமேட்டுக்காரர்களுக்கு இதைப் பருத்தியை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். அவினாசி சாலையோரம் ஆலைகள் எழுந்த காலத்தில், ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பார்த்தே இழையின் நீளத்தைச் சொல்லும் கைகள் இங்கே இருந்தன. உப்பம், நாடன் என்ற பழைய கோவைப் பருத்திகள் குட்டை இழை. கைராட்டைக்கு அது குறையாக இருக்கவில்லை. மெல்லிய நூல் கேட்ட ஆலைக்குக் குறையாயிற்று. நீள இழைக் கம்போடியாப் பருத்தி வந்தது, பழையது ஒதுங்கியது. அங்கே கோலை மாற்றியது இயந்திரம். மெல்லும் புகையிலைக்கு அப்படி ஒரு இயந்திரம் வரவில்லை. வாய்தான் கடைசிவரை நடுவராக இருந்தது, அதற்கான விலையையும் வாயே கொடுத்தது. புற்றுநோய் வார்டுகளை மறந்துவிட்டுக் காரத்தையும் பதத்தையும் சிலாகித்துக்கொண்டிருக்க முடியாது. சுருட்டானாலும் மெல்லும் இலையானாலும் அது பொருந்தும்.

1948இல் திண்டுக்கல் பக்கத்து வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, சுருட்டு இலைக்கென்றே தொடங்கப்பட்டது. பிற்பாடு அங்கிருந்து வெளிவந்து உழவர்களிடையே பெயர்பெற்ற பாக்கியலட்சுமி, அபிராமி போன்றவை மெல்லும் புகையிலை ரகங்கள்.