கறார் விலைக்காரர்கள்

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு முழத் துணி வாங்குவதற்கும் வாய் வலிக்கப் பேச வேண்டியிருந்தது. கடைக்காரர் முதலில் ஒரு விலை சொல்வார். வந்தவர் அதில் பாதிக்குக் கேட்பார். கட்டுப்படியாகாது என்று கடைக்காரர் கடவுள்மேல் ஆணையிடுவார். அடுத்த தெருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று வந்தவர் வாசல்வரை போய்த் திரும்புவார். கடைசியில் இரண்டுக்கும் நடுவே எங்கோ வியாபாரம் படியும். பேரம் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். விவரம் தெரியாதவர்களும் பிள்ளைகளும் அதிகம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை. கடை என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதைப் பொய் என்றே சொன்னவர்கள் குவேக்கர்கள்.

‘நண்பர்கள் சங்கம்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இந்தக் கிறிஸ்தவப் பிரிவை 1650களில் வளர்த்தெடுத்தவர் ஜார்ஜ் ஃபாக்ஸ். நெசவாளரின் மகன், சிறுவயதில் செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகியவர். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் ஆணையெல்லாம் வேண்டாம் என்ற விவிலிய போதனையை இவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில்கூடச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்தார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்றால் மற்ற நேரத்தில் பேசுவது என்ன என்பது அவர்கள் கேள்வி. ஏழு ஷில்லிங்குக்குக் கொடுக்கத் தயாராக இருப்பவர் பத்து ஷில்லிங் என்று வாய் திறந்தால், அந்த நொடியிலேயே அவர் பொய் சொல்லிவிட்டார் என்பதும் அதே தர்க்கம்தான்.

அதனால் குவேக்கர் கடைகளில் ஒரே விலை வந்தது. சொன்னதுதான் விலை. பிரபுவுக்கும் பண்ணையாளுக்கும் அதே விலை.

முதலில் இது வியாபாரத்தைக் கெடுத்தது. பெரிய மனிதர்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றமாட்டார்கள், குனிந்து வணங்கமாட்டார்கள், பேரமும் பேசமாட்டார்கள் என்றால் அந்தக் கடைக்கு யார் போவார்கள்? சிலருக்கு ரொட்டி வாங்கக்கூட வருமானம் இல்லாமல் போனது என்று ஃபாக்ஸ் தமது நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். பிறகு காற்று திசை மாறியதையும் அவரே சொல்கிறார். சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் பெரியவர்களே நேரில் போனதுபோல் சரியான சரக்கு சரியான விலைக்கு வருகிறது என்று ஊர் கண்டுகொண்டது. குவேக்கர் துணிக்கடை எங்கே, குவேக்கர் தையற்காரர் எங்கே என்று விசாரித்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். இப்படியே விட்டால் நாட்டின் வணிகம் முழுவதையும் இவர்களே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மற்ற வியாபாரிகள் புலம்பும் நிலை வந்தது.

இதற்குப் பின்னால் தனிமனித நல்லெண்ணம் மட்டும் இருக்கவில்லை. கண்காணிப்பும் இருந்தது. மாதந்தோறும் கூடும் சபை, உறுப்பினர்களின் கடன்களையும் வாக்குறுதிகளையும் விசாரித்தது. தகுதிக்கு மீறிக் கடன் வாங்கித் திவாலானவரைச் சங்கத்திலிருந்தே விலக்கியது. சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்ததால் பல்கலைக்கழகமும் அரசுப் பதவிகளும் அவர்களுக்கு அடைபட்டிருந்தன. திறந்திருந்த ஒரே பெரிய வாசல் வணிகம். லண்டன் லாம்பார்டு தெருவில் 1690இல் ஜான் ஃப்ரீம் என்ற குவேக்கர் பொற்கொல்லர் தொடங்கிய தொழில் பிற்காலத்தில் பார்க்லேஸ் வங்கியானது. 1765இல் பர்மிங்ஹாமில் லாயிட்ஸ் வங்கியைத் தொடங்கிய கூட்டாளிகளில் ஒருவரான சாம்ப்சன் லாயிடும் குவேக்கர்.

ஆனால் இந்த வணிகர்களுக்கு விளம்பரம் என்றால் ஒவ்வாமை. சரக்கு நன்றாக இருந்தால் அதுவே பேசும், மேலே பூசுவதெல்லாம் வீண் ஆரவாரம் என்று நினைத்தார்கள். யார்க் நகரில் கோகோ ஆலை நடத்திய ஜோசப் ரவுன்ட்ரீ நெடுங்காலம் விளம்பரத்தை எதிர்த்தே வந்தார். அந்தச் சமூகத்திலிருந்தே பிரிட்டனின் மிகப் புகழ்பெற்ற விளம்பர வாசகங்களில் ஒன்று பிறந்தது.

1824இல் பர்மிங்ஹாம் புல் தெருவில் ஜான் கேட்பரி ஒரு கடை திறந்தார். தேயிலை, காப்பி, தாமே இடித்துத் தயாரித்த கோகோ ஆகியவை அங்கே கிடைத்தன. மதுவிலக்கில் உறுதியான நம்பிக்கை கொண்டவர். குடிப்பழக்கம் ஏழைக் குடும்பங்களை அழிப்பதைப் பார்த்தவருக்கு, காலையில் ஒரு கோப்பை கோகோ என்பது சரக்கு மட்டுமல்ல, மதுவுக்கு மாற்று.

ஆனால் அந்தக் கோப்பையில் என்ன இருந்தது? கோகோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. வெந்நீரில் கலக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும். அந்தக் கொழுப்பை உறிஞ்ச மாவு வேண்டியிருந்தது. எனவே எல்லோரும் உருளைக்கிழங்கு மாவும் ஜவ்வரிசி மாவும் சர்க்கரைப் பாகும் சேர்த்தார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு வரம்பு இல்லை. மாவு கோகோவைவிட மலிவு. ஆகவே கை தாராளமாகவே சேர்த்தது. மாவினால் வெளுத்த நிறத்தை மறைக்கச் சிலர் செங்கல் தூளையும் காவிமண்ணையும் கலந்தார்கள்.

இதை அம்பலப்படுத்தியவர் ஆர்தர் ஹில் ஹாஸல் என்ற மருத்துவர். 1851 முதல் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்காக லண்டன் கடைகளில் உணவுப் பொருள்களை வாங்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். நாக்கு கண்டுபிடிக்காததைக் கண்ணாடி கண்டுபிடித்தது. உருளைக்கிழங்கு மாவின் துகள் ஒரு வடிவம், கோதுமை மாவின் துகள் வேறு வடிவம். எந்தப் பொடியில் எது கலந்திருக்கிறது என்பது வில்லையில் அப்படியே தெரிந்தது. அதைவிடத் துணிச்சலான காரியத்தையும் அந்த இதழ் செய்தது: சரக்கை விற்ற கடைக்காரர்களின் பெயரையும் முகவரியையும் அச்சிட்டது. 1858இல் பிராட்ஃபோர்டு நகரில் மிட்டாயில் மலிவுப் பொடி கலப்பதாக எண்ணி ஆர்சனிக்கைக் கலந்துவிட, சுமார் 20 பேர் இறந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் முதல் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது.

ஜானின் மகன்கள் ரிச்சர்டும் ஜார்ஜும் 1861இல் தொழிலைக் கையில் எடுத்தபோது அது மூழ்கிக்கொண்டிருந்தது. தாய்வழி வந்த பணத்தை ஆளுக்கு 4,000 பவுண்டு என அதில் போட்டார்கள். ஜார்ஜ் சிக்கனத்துக்காகக் காலைச் செய்தித்தாள் வாங்குவதைக்கூட நிறுத்தினார். அவர்கள் விற்ற கோகோவும் மற்றவர்களுடையதைப்போலத்தான் இருந்தது: ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கோகோ, மீதி மாவும் பாகும். பிற்காலத்தில் ஜார்ஜே இதை ஒளிக்காமல் சொன்னார்.

நெதர்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பம் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் எந்திரத்துக்கு 1828லேயே காப்புரிமை பெற்றிருந்தது. டச்சு மொழி தெரியாமலேயே ஜார்ஜ் அங்கே போய் எந்திரத்தை வாங்கிவந்தார். கொழுப்பைப் பிழிந்துவிட்டால் மாவுக்கு வேலையே இல்லை. 1866 கிறிஸ்துமஸை ஒட்டிக் ‘கோகோ எசன்ஸ்’ சந்தைக்கு வந்தது. மாதிரிகள் மருத்துவர்களுக்குப் போயின. மருத்துவ இதழ்கள் பாராட்டி எழுதின. முற்றிலும் தூய்மையானது, ஆகவே சிறந்தது என்ற வாசகம் சுவரெங்கும் பேருந்தெங்கும் ஏறியது. 1872, 1875ஆம் ஆண்டுச் சட்டங்கள் கலவையைக் கலவை என்று சொல்லாமல் விற்பதைக் குற்றமாக்கியபோது, அந்த வாசகத்துக்குச் சட்டத்தின் வலுவும் சேர்ந்தது.

விளம்பரத்தை வெறுத்த பரம்பரைக்கு இது பெரிய தாவல். ஆயினும் அதில் ஒரு நேர்மை இருந்தது. முதலில் சரக்கை மாற்றினார்கள், பிறகுதான் வாயைத் திறந்தார்கள். சொன்னது சரியா என்று நுண்ணோக்கி உள்ள எவரும் சோதிக்கலாம்.

வெற்றி கண்ட வாசகம் தன் எல்லையைத் தாண்டவும் செய்யும். கொழுப்பு நீக்கிய கோகோவில் காரம் சேர்த்து மென்மையாக்கும் டச்சு முறை பிரபலமானபோது, ரசாயனம் சேர்ந்தது என்று அதைக் கேட்பரி விளம்பரங்கள் தாக்கின. மக்களுக்கோ அந்தச் சுவை பிடித்திருந்தது. 1906இல் அதே முறையில் தயாரித்த ‘போர்ன்வில் கோகோ’வைக் கேட்பரியே வெளியிட்டது. இதற்குள் குவேக்கர் என்ற பெயரே இரவல் வாங்கக்கூடிய சொத்தாகிவிட்டது. இன்று நம் ஊர் சூப்பர் மார்க்கெட் அலமாரியிலும் தொப்பிக்காரர் சிரிக்கும் ‘குவேக்கர் ஓட்ஸ்’, 1877இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் வணிகக் குறியாகப் பதிவானது. அந்த ஆலைக்கும் நண்பர்கள் சங்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நேர்மைக்குப் பேர்போனவர்களின் உடை டப்பாவில் இருந்தால் விற்கும் என்பதுதான் கணக்கு.

உண்மையான சோதனை வெகு தொலைவிலிருந்து வந்தது. கேட்பரி வாங்கிய கோகோவில் பெரும் பகுதி, மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் உள்ள, அன்றைய போர்ச்சுகீசியத் தீவான சாவோ தோமேயில் விளைந்தது. 1901இல் ரிச்சர்டின் மகன் வில்லியம் கேட்பரியின் கைக்கு அங்கே விற்பனைக்கு வந்த ஒரு தோட்டத்தின் சொத்துப் பட்டியல் வந்தது. நிலம், கட்டடம், எந்திரம் ஆகியவற்றோடு தொழிலாளர்களுக்கும் விலை போட்டிருந்தது. அங்கோலாவிலிருந்து ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்ற பெயரில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஊர் திரும்புவதே இல்லை. ஒப்பந்தம் காகிதத்தில் இருந்தது. நடந்தது அடிமை முறை.

குடும்பம் சும்மா இருந்துவிடவில்லை. வில்லியம் 1903இல் லிஸ்பன் போனார். 1905இல் ஜோசப் பர்ட் என்ற குவேக்கரைத் தீவுக்கும் அங்கோலாவுக்கும் அனுப்பி நீண்ட அறிக்கை வாங்கினார்கள். பெரிய கொள்முதல்காரராக உள்ளேயிருந்து நெருக்கினால்தான் போர்ச்சுகல் அசையும், விலகிவிட்டால் அந்தப் பிடி போய்விடும் என்பது அவர்கள் வாதம். பொறுத்திருக்கும்படி பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையும் கேட்டது. ஆனால் அத்தனை ஆண்டுகளும் அந்தக் கோகோவை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். டப்பாவின் மேல் தூய்மை என்ற சொல்லும் இருந்துகொண்டே இருந்தது.

ஒரே விலையைக் கல்லாவிலேயே சரிபார்க்கலாம். மாவு இல்லை என்பதை ஹாஸலின் வில்லை காட்டிவிடும். அந்த விதையைப் பறித்த கை யாருடையது என்பதை மட்டும் டப்பாவை வாங்கும் எவராலும் பார்க்க முடியாது, விற்பவருக்குத்தான் தெரியும். தெரிந்ததைச் சொல்வதற்குக் கேட்பரி குடும்பம் தயங்கிய அந்த எட்டு ஆண்டுகள், அவர்கள் முன்னோர் பத்து ஷில்லிங் விலையைப் பொய் என்று சொன்ன கண்டிப்போடு ஒத்துப்போகவில்லை. அவர்கள்மேல் எத்தனை மதிப்பு வைத்துப் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1908 செப்டம்பரில் லண்டன் ‘ஸ்டாண்டர்டு’ நாளிதழ் ஒரு தலையங்கத்தில் இந்த முரண்பாட்டைக் குத்திக் காட்டியது. கேட்பரி நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. வழக்கு விசாரணைக்கு வருமுன், 1909 மார்ச்சில் கேட்பரி, ஃபிரை, ரவுன்ட்ரீ ஆகிய மூன்று குவேக்கர் நிறுவனங்களும் சாவோ தோமே கோகோவை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தன. அந்த ஆண்டின் இறுதியில் பர்மிங்ஹாம் நீதிமன்றக் கூண்டில் நின்ற வில்லியமை நாளிதழின் வழக்கறிஞர் எட்வர்டு கார்சன் குறுக்கு விசாரணை செய்தார். 1901 முதல் 1908 வரை உங்கள் கோகோவுக்காக எத்தனை அடிமைகள் உயிர்விட்டார்கள் என்று எப்போதாவது கணக்குப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்பதுதான் பதில்.

ஜூரிகள் கேட்பரி பக்கம் தீர்ப்பளித்தார்கள். கட்டுரை அவதூறுதான் என்றார்கள். இழப்பீடாக அவர்கள் நிர்ணயித்த தொகை ஒரு ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு.

அதன்பின் கேட்பரியின் கொள்முதல் இன்றைய கானாவான கோல்டு கோஸ்டின் சிறு விவசாயிகளை நோக்கி நகர்ந்தது. ஒரு நூற்றாண்டு கழித்தும் மேற்கு ஆப்பிரிக்கக் கோகோத் தோட்டங்களில் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை தீரவில்லை. 2009இல் பிரிட்டனில் விற்ற ‘டெய்ரி மில்க்’ கட்டிகளில் வெளி அமைப்பான ஃபேர்டிரேடின் முத்திரை ஏறியது. நிறுவனம் கைமாறிய பிறகு, 2016இல் அந்த இடத்துக்குச் சொந்தத் திட்டமான ‘கோகோ லைஃப்’ முத்திரையைக் கொண்டுவரப்போவதாக அறிவிப்பு வந்தது. வெளியார் பார்த்துச் சொல்வதா, விற்பவரே சொல்லிக்கொள்வதா என்ற விவாதம் அப்போதும் எழுந்தது. இதற்கிடையே பிரிட்டன் 2015இல் நவீன அடிமைத்தனத் தடைச் சட்டத்தை இயற்றியது. ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டு அல்லது அதற்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் சரக்கு வரும் வழியிலும் அடிமை உழைப்பு இல்லாமலிருக்க எடுத்த நடவடிக்கைகளை ஆண்டுதோறும் எழுதி வெளியிட வேண்டும். எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று எழுதினாலும் அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.