நினைவகக் கணக்கேடும் அதைப் படிக்கும் கருவியும்

சி மொழியில் எழுதப்பட்ட நிரல், இயங்கும்போது கேட்டுப் பெற்ற நினைவகத்தைத் தானே திருப்பித் தரவேண்டும். மாலாக் கொடுக்கும், ஃப்ரீ திரும்பப் பெறும். தர மறந்த நிரல் உடனே முறிந்து விழுவதில்லை. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் வழங்கியொன்றில் அது மெல்ல வீங்கி, ஒருநாள் நினைவகம் தீர்ந்து நிற்கும். அதற்குள், மறதி நேர்ந்த வரி எதுவென்று எவருக்கும் தெரியாது.

குனூ சி நூலகத்தில் இதற்கான முயற்சி 1989இல் தொடங்குகிறது. அவ்வாண்டு மே மாதம் மைக் ஹேர்ட்டல், ஒதுக்கிய பகுதியின் எல்லை மீறப்பட்டதா என்று சோதிக்கும் எம்செக்கை எழுதினார். அதை அடியாகக் கொண்டு சிக்னஸ் சப்போர்ட் நிறுவனத்தின் ஜான் கில்மோர் எழுதியதே எம்ட்ரேஸ். அதன் மூலநிரலின் தலைப்பில் 1991 ஏப்ரல் 2 என்று நாள் குறிக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டில் ரீட் ஹேஸ்டிங்ஸ் ப்யூர் சாஃப்ட்வேர் நிறுவனத்தைத் தொடங்கி, இதே நோய்க்குப் ப்யூரிஃபை என்னும் மருந்தை விலைக்கு விற்றார். (பின்னாளில் நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கியவரும் அவரே.)

எம்ட்ரேஸின் பதிவேடு பலசரக்குக் கடையின் பற்று வரவு ஏட்டை ஒத்தது. நினைவகம் பெற்றால் + குறி, முகவரி, அளவு. திருப்பினால் - குறி, முகவரி. அளவை மாற்றினால் பழைய முகவரிக்கு <, புதியதற்கு >. ஒவ்வொரு வரியின் முன்னும் அழைத்த இடத்தின் முகவரி. இவ்வளவே. இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. எழுதுபவர், தாம் கண்காணிக்கும் நிரலுக்குள்ளேயே குடியிருக்கிறார். பதியும்போது அவரே நினைவகம் கேட்டால் அதுவும் கணக்கில் ஏறிக் குழப்பிவிடும். ஆகவே 512 பைட் இடையகம் ஒன்றை முன்னரே பெற்று வைத்துக்கொண்டு, குறிகளை மட்டும் எழுதிச் சென்றார்.

பொருள் காண்பது வெளியே நிற்கும் கட்டளை வரிக் கருவியின் வேலை. முதலில் அது ஆக் மொழியில் இருந்தது. 1997இல் உல்ரிக் டிரெப்பர் அதைத் தழுவிப் பெர்லில் எழுதினார். + கண்டால் முகவரியைப் பட்டியலில் சேர்ப்பது, - கண்டால் நீக்குவது, இறுதியில் எஞ்சியதைக் கசிவு என்று அறிவிப்பது. அழைத்த முகவரியை வரி எண்ணாக மாற்ற மற்றொரு கருவியின் துணையை நாடுவது. பட்டியலில் இல்லாத முகவரி திருப்பப்பட்டால் அதையும் சொல்லும்.

ஏடு சொல்லாததைக் கருவியாலும் சொல்ல முடியாது. பழைய அமைப்பில், ஒரு வரியைப் பதியும் நொடியில் கண்காணிப்புக் கொக்கி கழற்றப்பட்டுப் பின் மாட்டப்படும். பல இழைகள் ஓடும் நிரலில், அந்த இடைவெளியில் மற்றோர் இழை செய்த ஃப்ரீ பதிவாகாது. ஒழுங்காகத் திருப்பப்பட்ட நினைவகமும் கசிவாகத் தோன்றும். குற்றமற்ற வரியின்மேல் பழி விழும். நூலகமே தனக்கென வாங்கித் திருப்பாத நினைவகமும் இருந்தது. அறிக்கையில் அது தலைகாட்டிப் படிப்பவரை எரிச்சலூட்டாதபடி, நிரல் முடியும்போது அதனை விடுவிக்கத் தனிச் செயற்கூறு சேர்க்கப்பட்டது. கடை முதலாளியின் சொந்தப் பற்று!

அதே கொக்கிகள் ஊடுருவுவோருக்கும் வாகாயின. அவற்றின் மதிப்பை மாற்றினால் நிரலின் போக்கையே கைப்பற்றலாம். 2021 ஆகஸ்டில் வெளியான 2.34 பதிப்பு கொக்கிகளை நீக்கி, எம்ட்ரேஸைத் தனி நூலகத்துக்கு அனுப்பியது. அதனை முன்கூட்டி ஏற்றாவிட்டால் எம்ட்ரேஸ் அழைப்பு எதையும் பதியாது. பெர்ல் நிரல் மட்டும் அதே நான்கு குறிகளை இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது.