தக்

'தக் லைஃப்' என்ற தொடர் மீம்களில் ஊறி, 2025-இல் மணிரத்னம் படத்தின் தலைப்பாகவும் ஆகிவிட்டது. 'தக்' என்பதற்கு முரடன், அடியாள் என்றே இன்று பொருள் கொள்கிறோம். மூலமான இந்திச் சொல்லுக்கோ 'ஏமாற்றுக்காரன்' என்பதுதான் பொருள். மறைத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து பிறந்தது அது.

முரடன் எப்படி வந்தான்? 1830-களில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி, 'தக்' எனப்பட்ட வழிப்பறிக்காரர்களை, காளிக்குப் பலி கொடுக்கும் ரகசியக் கூட்டமாகச் சித்திரித்தார். அது மிகைப்படுத்தல் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் வாதிடுகிறார்கள். ஆனால் 1839-இல் மெடோஸ் டெய்லர் எழுதிய நாவல் அந்தச் சித்திரத்தை பிரிட்டன் முழுவதும் பரப்பியது.

அதன் உச்சம் 1984-இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'இண்டியானா ஜோன்ஸ்' இரண்டாம் படம். அதில் தக் கூட்டத் தலைவனாக வரும் நடிகர் அம்ரிஷ் பூரி வெறுங்கையால் நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுக்கிறார். அரண்மனை விருந்திலோ உயிருள்ள பாம்புக்குட்டிகள், கண் மிதக்கும் சூப், குளிரூட்டிய குரங்கு மூளை! எந்த இந்து அரண்மனையில் இப்படிப் பரிமாறினார்கள்? படப்பிடிப்புக்கு அனுமதி தர இந்திய அரசு கதையில் மாற்றம் கேட்டது. படக்குழு இலங்கைக்குப் போய்விட்டது. அதனால் படத்தின் 'இந்திய' கிராமத்தார் சிங்களம் பேசுகிறார்கள். கடைசியில் அவர்களைக் காப்பாற்ற வருவது வெள்ளைக்காரப் பேராசிரியரும் பிரிட்டிஷ் படையும்.

சாகசக் காட்சிகளில் அசாத்தியத் திறமை காட்டிய படம்தான். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். கூடவே அந்த விருந்து முழுப் பொய் என்றும் சொல்லிவிடுங்கள்.