கென்யிரும் செண்டெரோவும்: மீனுக்கு எந்தத் தண்ணீர்?

தூண்டில்காரர்களுக்குக் கென்யிர் ஏரி என்றால் தனி மோகம். நம் சுங்கை காடுட், செனவாங் பக்கத்துப் பையன்களும் நீண்ட விடுமுறை கிடைத்தால் திரெங்கானுவுக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். பேராக்கில் லெங்கோங் அருகே இருக்கும் செண்டெரோ ஏரியை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. இரண்டுமே மின்சாரத்துக்காக ஆற்றை மறித்து உண்டானவை. செண்டெரோ அணை 1930இல் வந்தது, கென்யிர் 1985இல். கென்யிரின் பரப்பு 369 சதுர கிலோமீட்டர், செண்டெரோவுடையது ஏறக்குறைய 25. பரப்பை வைத்து மீனைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம்.

கென்யிரில் 145 மீட்டர் ஆழமுள்ள இடமும் உண்டு. வெயில் மேல்தண்ணீரை மட்டும் சூடாக்குகிறது; குளிர்ந்த, கனத்த நீர் அடியிலேயே கிடக்கிறது. நம் நாட்டில் குளிர்காலம் இல்லாததால் இரண்டும் நன்றாகக் கலப்பது அரிது. அணை நிரம்பியபோது காட்டின் பெரும்பகுதி வெட்டப்படாமலே மூழ்கியது. பட்ட மரங்கள் இன்றும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அடியில் மக்கும் மரமும் இலையும் உயிர்வளியை உறிஞ்சிவிட, அங்கே மீன் தங்க முடியாது. இத்தனை பெரிய ஏரியில் மீனுக்குக் கிடைப்பது மேலடுக்கும் ஆற்று முகங்களும்தான்.

தோமானுக்கு இது பெரிய தடையில்லை. விரால் இனமான அது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். செந்நிறக் குஞ்சுகளும் கூட்டமாக மேலே வந்து வாய் திறக்கும்போது நீர்ப்பரப்பு மழைத்துளி விழுந்ததுபோலச் சிலிர்க்கும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். கெலா மீனின் கதை வேறு. அதற்குச் சரளைக்கல்லும் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். அதனால்தான் கென்யிரில் கெலாவுக்கான காப்பகத்தைச் சுங்கை பெத்தாங் ஓடையில் அமைத்தார்கள். என் பார்வையில், கென்யிரின் மீன்வளத்தில் பெரும்பங்கு அதற்குள் வந்து விழும் ஓடைகளின் கொடை. மேலே காட்டை அழித்துச் சேறு இறங்கினால், ஏரி நிறைந்திருந்தும் கெலா போய்விடும்.

செண்டெரோ ஆழமில்லாதது. பேராக் ஆறு அதற்குள் தங்காமல் நுழைந்து வெளியேறுகிறது, தண்ணீர் விரைவில் மாறிவிடும். ஓரமெங்கும் நீர்ச்செடிகள், அவற்றின் தண்டிலும் வேரிலும் பாசியும் பூச்சியும் ஒட்டிக்கிடக்க, குஞ்சு மீனுக்கு இரையும் ஒளிவிடமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. லம்பாம், லோமா, பாவுங் என்று வலையில் வகை வகையாக விழும். லெங்கோங் வட்டாரத்தில் இந்த ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்துப் புளிக்கவைத்துப் பெக்காசாம் போடுகிறார்கள்.

குறை அங்கும் உண்டு. மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் என்று அணை மேல் அணை. நெடுந்தூரம் ஏறிப் போய் முட்டையிடும் மீனுக்கு நல்ல தண்ணீர் இருந்தும் வழி இல்லை.

நம் பக்கத்துத் தோட்டக் கால்வாயையும் பழைய ஈயக்குட்டையையும் இதே கண்ணோடு பார்க்கலாம். விராலும் பனையேறிக் கெண்டையும் மட்டும் அகப்படும் குட்டையை மீன் நிறைந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் காற்றை உண்டு பிழைப்பவை. விடியற்காலையில், செடிகள் இரவெல்லாம் மூச்சுவிட்டு முடித்த நேரத்தில், அந்தத் தண்ணீரின் உயிர்வளியை அளந்தால் மற்றக் கெண்டைகளும் கெளுத்தியும் ஏன் குறைந்தன என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும்.