அயு மீனும் பார்வைத் தூண்டிலும்

அயு என்பது ஜப்பானிய ஆறுகளில் வாழும் ஓராண்டு மீன். இலையுதிர் காலத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கூழாங்கற்களிடையே முட்டையிட்டுவிட்டு இறந்துபோகும். பொரிந்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு கடலுக்குப் போய், குளிர்காலத்தைக் கரையோரத்தில் கழித்து, வசந்தத்தில் ஆறேறி வரும். கடலில் மிதவை உயிரிகளைத் தின்று வளர்ந்த மீனுக்கு ஆற்றுக்கு வந்ததும் சீப்பு வரிசைபோலப் புதுப் பற்கள் அமைகின்றன. கல்லில் படிந்த பாசியை அவற்றால் சுரண்டித் தின்பதுதான் அதன் பிறகு வேலை. சுரண்டிய கல்லில் மூங்கில் இலை வடிவத்தில் தடம் விழும். எந்தக் கல்லில் மீன் இருக்கிறது என்பதைத் தூண்டிற்காரர்கள் அந்தத் தடத்தையும் கல்லின் பளபளப்பையும் வைத்தே சொல்லிவிடுவார்கள்.

நல்ல பாசிக்கல் எல்லா மீனுக்கும் கிடைக்காது. ஓட்டம் மிகுந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்பை வலுத்த மீன் தனதாக்கிக்கொண்டு, உள்ளே நுழையும் இன்னொரு அயுவை விரட்டியடிக்கும். டிரவுட் போன்ற மீன்கள் ஓட்டம் அடித்துக்கொண்டு வரும் பூச்சிக்காக இடம் பிடிக்கும். அயு காப்பது கல்லையே. காவலில் இருக்கும் மீனுக்குச் செவுளை அடுத்து மஞ்சள் பொட்டு பளிச்சென்று தெரியும். இடம் கிடைக்காதவை மடுக்களில் கூட்டமாகத் திரியும். கல்லுக்குரிய மீன் பிடிபட்டால் அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்று வந்து விரைவில் அங்கே அமர்ந்துகொள்ளும்.

பாசி தின்னும் மீனைப் புழு காட்டி ஏமாற்றுவது கடினம். அதன் சண்டைக் குணத்தையே தூண்டிலாக்கிய முறைதான் தொமோசுரி. உயிருள்ள அயு ஒன்றின் மூக்கில் சிறு வளையம் மாட்டி, நரம்பில் கட்டி, கல்லுக்குரிய மீனின் எல்லைக்குள் நீந்த விடுவார்கள். அதன் வாலுக்குப் பின்னால் இரையில்லாத வெறும் முள் இழுபட்டு வரும். அத்துமீறி வந்ததை விரட்டப் பாயும் மீன் முள்ளில் உடம்பு குத்திச் சிக்கும். வாயால் கடிப்பதே இல்லை. தமிழ்நாட்டில் கூண்டுக் கௌதாரியைப் பார்வையாக, அதாவது தன் இனத்தை இழுக்கும் உயிருள்ள பொறியாக, வைத்துக் காட்டுக் கௌதாரியைப் பிடித்தவர்கள் கண்டுகொண்டதும் இதே சூட்சுமத்தைத்தான். பிடிபட்ட மீன் அடுத்த பார்வையாகிவிடும். களைத்த பார்வை எல்லைக்குள் போகாமல் கரையோரம் ஒதுங்கும் என்பதால், ஆளுக்கு ஆள் திறமை வேறுபடுவது பெரும்பாலும் பார்வை மீனைத் தளரவிடாமல் வைத்துக்கொள்வதில்தான்.

1697-இல் வெளிவந்த 'ஹொன்சோ ஷொக்கன்' என்ற உணவு நூல், கியோத்தோவை அடுத்த யாசே ஊரார் பார்வை அயுவை வைத்து மீன் பிடித்ததைச் சொல்கிறது. ஆனால் முறை பிழைப்பாக வளர்ந்தது இஸு தீபகற்பத்துக் கானோ ஆற்றில். அந்த ஆற்றங்கரையில் புல்லாங்குழல் ஊதித் திரிந்த கொமுசோ துறவி ஒருவர், மீன்கள் முட்டிக்கொள்வதைப் பார்த்து இதைக் கண்டுபிடித்ததாகக் கதை உண்டு. கதையாகவே அதை வைத்துக்கொள்ளலாம். இஸுத் தொழிலாளிகள் பின்னாளில் மற்ற ஆறுகளுக்கும் போய்ப் பிடித்து விற்றார்கள். அவர்கள் கால் பட்ட இடமெல்லாம் முறையும் பரவியது.

அடுத்த பெரிய மாற்றம் ஒரு விலங்கியல் பேராசிரியரால் வந்தது. பீவா ஏரியில் வாழும் அயு பத்து சென்டிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுவதால் அதைக் குட்டை இனம் என்றே எண்ணியிருந்தார்கள். இஷிகாவா சியோமாத்சு என்ற அந்தப் பேராசிரியர் 1913-இல் அந்தக் குஞ்சுகளைத் தோக்கியோவை அடுத்த தாமா ஆற்றில் விட்டார். அவை ஆற்று மீன் அளவுக்கு வளர்ந்தன. குட்டையாக நின்றது பிறவியால் அல்ல, வாழ்ந்த இடத்தால் என்பது தெரிந்துபோனது. அணைகள் ஆறுகளை மறித்து, கடலிலிருந்து மீன் ஏற வழியில்லாமல் போன காலத்தில் பீவா குஞ்சு நாடெங்கும் விற்பனையானது. 1949-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், ஆற்றில் மீன்பிடி உரிமை பெற்ற கூட்டுறவுச் சங்கங்கள் மீனைப் பெருக்கவும் வேண்டும் என்று விதித்ததால் குஞ்சு விடுவது ஆண்டுக் கடமையாகவே ஆகிவிட்டது. பீவா மீன் எல்லை காப்பதில் முரட்டுத்தனமானது. பார்வையைக் கண்டால் தயங்காமல் பாயும் என்பதால் தூண்டிற்காரர்களுக்கும் அதுவே பிடித்துப்போனது.

எத்தனை குஞ்சு விட்டால் போதும் என்ற கேள்வி கியோத்தோ பல்கலைக்கழகத்துக்குப் போனது. மியாதி தென்சாபுரோவும் அவருடைய மாணவர் கவாநாபே ஹிரோயாவும் 1950-களில் தாங்கோ தீபகற்பத்து உகாவா ஆற்றில் ஆண்டுக்காண்டு மீன்களைக் கவனித்தார்கள். மீன் அளவாக இருக்கும் ஆண்டில் எல்லைகள் ஒழுங்காக நிற்கின்றன. மிகப் பெருகிய ஆண்டில் விரட்டி மாளாமல் காவல் குலைந்து, எல்லாம் கூட்டமாய் மேய்கின்றன. ஆறு நிறைய மீன் இருந்தும் பார்வைத் தூண்டிலில் எதுவும் சிக்காத ஆண்டுகளுக்கு இது விளக்கம் தந்தது. குஞ்சை அள்ளிக் கொட்டினால் தூண்டிலுக்கு நல்லது என்ற சங்கங்களின் கணக்கும் இதனால் பொய்த்தது. ஓர் எல்லைக்குள் மீன் தின்பதைவிட அதிகமாகவே பாசி விளைவதையும் கவனித்த கவாநாபே, எல்லை காக்கும் குணம் பனியுகக் குளிரில் பாசி குறைவாக விளைந்தபோது தேவைப்பட்டதன் எச்சம் என்று வாதிட்டார். துணிச்சலான கருத்துதான், ஆனால் சோதித்து முடிவுகட்ட எளிதல்ல.

இதற்கிடையே தூண்டிற்கழியும் மாறியது. மூங்கில் கழி போய்க் கண்ணாடி இழையும், 1970-களில் கார்பன் இழையும் வந்தன. ஒன்பது மீட்டர் கழியைக்கூட ஒருவர் நாளெல்லாம் பிடித்திருக்க முடிந்ததால், பிழைப்பாக இருந்தது பொழுதுபோக்காக மாறியது. பல ஆறுகளில் ஜூன் மாதம் பருவம் திறக்கும். கரையோரக் கடைகளில் பார்வை மீன் உயிரோடு விலைக்குக் கிடைக்கும்.

1980-களின் இறுதியில் குளிர்நீர் நோய் எனப்படும் பாக்டீரியா நோய் தலைகாட்டி, குஞ்சு வணிகத்தின் வழியாகவே ஆறுகளில் பரவியது. பீவா குஞ்சின் இன்னொரு குறையும் வெளிப்பட்டது. அது முன்கூட்டியே முட்டையிடுகிறது; சூடு தணியாத கடலுக்குள் போகும் அதன் குஞ்சுகள் பிழைப்பதில்லை. சண்டைக் குணத்துக்காக வாங்கி விட்ட மீன் ஆற்றில் வாரிசு வைக்காமல் போவதால், அடுத்த ஆண்டும் காசு கொடுத்து வாங்கியாக வேண்டியிருக்கிறது. சில சங்கங்கள் இப்போது கடலிலிருந்து தம் ஆற்றுக்கே ஏறிவரும் மீனிலிருந்து குஞ்சு எடுத்து விடுகின்றன.