விந்தணு டி.என்.ஏ. சிதைவும் அதன் அளவீட்டு வரலாறும்: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

குழந்தைப்பேறின்மையைப் பெண்ணின் குறையாகவே கருதும் போக்கு தமிழ்ச் சமூகத்தில் நெடுங்காலமாக நிலவுகிறது. ‘மலடன்’ என்னும் சொல் மொழியில் உண்டு. எனினும் வசையாக நிலைத்தது ‘மலடி’ என்பதே. தென்காசி, குற்றாலம் வட்டாரமும் இதற்கு விலக்கன்று. ஆணின் பங்கை அறிவியல் அளக்கத் தொடங்கிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணிக்கையிலிருந்து மரபுப்பொருளுக்கு

1677இல் லீவன்ஹூக் நுண்ணோக்கி வழியே விந்தணுவைக் கண்டார். 20ஆம் நூற்றாண்டில் எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியன அளவுகோல்களாயின. உலக சுகாதார நிறுவனத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேடு இவற்றை நெறிப்படுத்தியது. ஆயினும் இம்மூன்றும் சீராக அமைந்த விந்தணுவிலும் டி.என்.ஏ. இழை அறுந்திருக்கக்கூடும். முதிர்ந்த விந்தணுவில் டி.என்.ஏ. புரோட்டமின் என்னும் புரதத்தால் இறுகச் சுருட்டப்பட்டுள்ளது. சிதைவைச் செப்பனிடும் ஆற்றலை அவ்வணு பெரிதும் இழந்துவிடுகிறது.

அளவீட்டு முறைகள்

அதே 1980இல் டொனால்ட் எவென்சன் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு முறையை வெளியிட்டனர். அக்ரிடின் ஆரஞ்சு சாயமேற்றிய விந்தணுவில் சிதையாத டி.என்.ஏ. பச்சையாகவும் சிதைந்தது சிவப்பாகவும் ஒளிரும். கருவி ஆயிரக்கணக்கான அணுக்களைத் தனித்தனியே கணக்கிடும். 1984இல் ஓஸ்ட்லிங், ஜோஹன்சன் ஆகியோர் தனிச்செல் மின்புல நகர்வு முறையை உருவாக்கினர். இந்தியாவில் மருத்துவம் பயின்ற நரேந்திர சிங் குழுவினர் 1988இல் அதனைக் காரச்சூழலுக்கு மாற்றி நுட்பமாக்கினர். மறு ஆண்டே விந்தணுவிலும் பயன்படுத்தினர். அறுந்த இழைகள் மின்புலத்தில் வால்போல் நீள்வதால் இது ‘காமெட்’ சோதனை எனப்பட்டது. வாலின் அளவே சிதைவின் அளவு.

வட்டாரச் சூழல்

2019இல் தனி மாவட்டமான தென்காசியில் பீடி சுற்றுதல் பெண்களின் முதன்மைத் தொழில்களுள் ஒன்று. புகைபிடித்தல் விந்தணு டி.என்.ஏ. சிதைவோடு தொடர்புடையது என ஆய்வுகள் காட்டுகின்றன. பீடியைச் சுற்றுபவர் பெண். புகைப்பவர் பெரும்பாலும் ஆண். குழந்தையில்லாப் பழியோ மீண்டும் பெண்ணுக்கே. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். எனவே புகையைக் கைவிட்டதன் பயனை அறியச் சில மாதங்கள் காத்திருத்தல் வேண்டும். மாதிரியை உறைநிலையில் தொலைவிலுள்ள ஆய்வகத்திற்கு அனுப்ப இயலுவது சிற்றூர் மக்களுக்கு உதவுவதாகும்.

முடிவுரை

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பு இச்சோதனையை விரிவுச் சோதனைகளுள் சேர்த்தது. அனைவருக்குமான அடிப்படைச் சோதனையாக ஆக்கவில்லை. அதன் முடிவு மட்டுமே கருவுறுதலைத் தீர்மானித்துவிடாது. எனினும், எண்ணிக்கை சீராக இருப்பதாலேயே ஆணிடம் குறையில்லை எனக் கொள்வது பிழை என்பதை இவ்வரலாறு நிறுவுகிறது. குழந்தைப்பேறின்மைக்கான ஆய்வு கணவன், மனைவி இருவரிடமும் ஒருங்கே தொடங்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிவாகும்.